மணம் தெரியாதவர் ஊற்றிய ஸ்டவுட்

கையெட்டும் தூரத்தில் மணியை வைத்துக்கொண்டும், அதை அடிக்காமல் என்னைப் பேசவிட்டிருக்கும் பெருந்தன்மை மிக்க தலைவர் அவர்களே! வறுத்த பார்லியின் வாசத்தை வாழ்நாளெல்லாம் சட்டையில் சுமந்து திரியும் பீர் ஆலைப் பெருமக்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "இவள் எப்போது முடிப்பாள்?" என்று இப்போதே எண்ணத் தொடங்கிவிட்ட மூத்தவர்களே! "இந்தக் கூட்டத்துக்கு என்னை எதற்கு இழுத்து வந்தாய்?" என்று பக்கத்திலிருப்பவரை முறைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

தேயிலைக்காரிக்குப் பீர்க்காரர் மேடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் தேநீர் சுவைப்பவள். காலை முதல் மாலை வரை கிண்ணம் கிண்ணமாய் உறிஞ்சுவேன், நாக்கில் உருட்டுவேன், துப்புவேன். துப்பியே பிழைக்கும் ஒரே பெண் இந்த அவையில் நானாகத்தான் இருப்பேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் சொல்ல வந்தது சிரிப்பதற்கான செய்தி அல்ல. நினைக்கும்போதெல்லாம் இன்றும் என் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும் செய்தி.

இன்று பரிசு பெறும் அந்தக் கரிய ஸ்டவுட் பீரை வடித்த தம்பதியரை நீங்கள் அறிவீர்கள். கணவருக்குக் கரடி என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, உடம்பும் தாடியும் வைத்தது. அதோ, மேடையின் ஓரத்தில் நாற்காலி நிறைய உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. பழைய அச்சுக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, இருவருமே தரை கழுவி, இருவருமே கொப்பரை துலக்கி ஆலை நடத்தினார்கள். காய்ச்சுவது அவர், சுவைத்துத் தீர்ப்புச் சொல்வது மனைவி என்று ஒரு பேச்சு. வீட்டிலும் அதே ஏற்பாடுதானாம்.

அந்தக் கைகள் வடித்ததுதான் இம்பீரியல் ஸ்டவுட். விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கருகும் எல்லை வரை வறுத்த பார்லியில் காய்ச்சுவது, மையைப் போல் கறுத்தது, தேனைப் போல் தடித்தது, சாதாரணப் பீரைப் போல் இரு மடங்கு வேகம் உள்ளது. அதை விஸ்கி குடித்துக் கிடந்த ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, மாதக்கணக்கில் உறங்கவிட வேண்டும். உள்ளே பீர் மரத்தைக் குடிக்கும். மரம் பீரைக் குடிக்கும். வெளியே காய்ச்சியவன் நகத்தைக் கடிப்பான்!

இரண்டே பீப்பாய். கையிருப்பு முழுவதையும் அந்த இரண்டிலும் ஊற்றி மூடிவிட்டார்கள். மூடிய சில நாட்களில் மனைவிக்கு நாள் தள்ளிப்போயிருப்பது தெரிந்தது. அன்றே கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். கருவுற்ற காலம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை. பிறகு பால் கொடுக்கும் காலம், அப்போதும் தொடவில்லை. பீப்பாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்கக் கரடியின் தலையில் விழுந்தது.

மனைவி அடிக்கடி கேட்பாராம்: "எப்படிங்க இருக்கு?"

அவர் சொல்வாராம்: "ராணி மாதிரி இருக்கு. நீ கவலைப்படாதே."

பீப்பாய் திறக்கும் நாள் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மதுக்கூடம் நடத்துபவர்கள், கடைக்காரர்கள், உறவினர்கள், நண்பர்கள் என்று அச்சுக்கூடம் நிறைந்துவிட்டது; சுவை பார்க்க என்னையும் அழைத்திருந்தார்கள். மூலையில், நெல் மூட்டையைத் தூக்குவது போல் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரடியின் மாமியார். நடுவில் இரண்டு பீப்பாய்கள். கரடி சலவைச் சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன.

அவர் குறடெடுத்து முதல் பீப்பாயின் முகப்பில், சுவை பார்ப்பதற்கென்றே அடித்து வைத்திருந்த ஆணியைப் பிடுங்கினார். அந்த ஊசித் துளையிலிருந்து கறுப்பு நூலொன்று வில்லாய் வளைந்து கண்ணாடிக் குவளைக்குள் பாய்ந்தது. அடடா, அந்தக் கறுப்பு! அதன் மேல் படிந்த காப்பி நிற நுரை! எல்லார் கைக்கும் ஒரு குவளை வந்தது.

கரடி தன் குவளையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "முதல்ல சாக்லேட் வரும். அப்புறம் வெனிலா. தொண்டையில இறங்கும்போது காய்ஞ்ச அத்திப்பழம். கடைசியா, மழையில நனைஞ்ச மரம். குடிங்க!" என்றார். ஒரே மடக்கில் பாதிக் குவளையைக் காலி செய்துவிட்டுச் சிரித்தார்.

நானும் முகர்ந்தேன்.

அவையோரே, என்ன வந்தது தெரியுமா? சாக்லேட்டா வந்தது? வெனிலாவா வந்தது? அத்தியா வந்தது? நகப்பூச்சை அழிக்கும் மருந்து வந்தது! அதன் பின்னாலேயே, காயப்போட மறந்து வாளிக்குள் கிடந்த தரைத்துணி வந்தது! மூக்கைத் தாண்டி மூளையில் அறைந்தது! வாயில் வைத்தேன். இனிப்பு இருக்கிறது, கசப்பு இருக்கிறது, ஆனால் வாய் முழுக்க அந்த வாடை. துப்புவதற்கு இடம் தேடினேன். இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தும், முதல்முறையாக விழுங்கினேன்.

என் மூக்குக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்று சுற்றிலும் பார்த்தேன். அங்கேதான் அடுத்த அடி விழுந்தது. எனக்கு எதிரில் நின்ற மதுக்கூடக்காரர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நிற்கிறார், வாய் மட்டும், "ஆமாம், அத்தி... நல்லாவே தெரியுது" என்கிறது! அவர் பக்கத்தில் நின்றவர், "வெனிலா கொஞ்சம் தூக்கலா இருக்கோ?" என்கிறார்! இன்னொருவர், "இதெல்லாம் பழகப் பழகத்தான் பிடிபடும்" என்று தன் மனைவிக்குப் பாடம் நடத்துகிறார்! ஒரு கூடம் நிறைய மனிதர்கள். அத்தனை பேருக்கும் முகத்துக்கு நடுவே மூக்கு. ஒருவர்கூட அதை நம்பவில்லையே! காதால் அல்லவா குடித்தார்கள்!

என்ன, பின்வரிசையில் சத்தம் அடங்கிவிட்டது? அன்று வந்திருந்தவர்கள் யாரேனும் அங்கே இருக்கிறீர்களா? கையைத் தூக்க வேண்டாம். நான் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், கரடியின் மனைவி கணவர் கையிலிருந்த குவளையை வாங்கிவிட்டார். "இன்னிக்கு ஒரே ஒரு வாய், குழந்தை கோவிச்சுக்காது" என்று சிரித்தபடியேதான் வாங்கினார். உதட்டருகே போன குவளை அங்கேயே நின்றது. சிரிப்பு முதலில் கண்ணைவிட்டுப் போனது, பிறகு உதட்டைவிட்டுப் போனது.

"என்னங்க இது?"

"என்ன?"

"இது கெட்டுப்போச்சு."

கரடி சிரிக்க முயன்றார். "ஏய், ஒரு வருஷமா குடிக்காம இருந்தே, உன் நாக்கு..."

"நாக்கு இல்லீங்க. மோந்து பாருங்க. வாசல்ல நிக்கிறவனுக்குத் தெரியும் இந்த வாடை. உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?"

அவர் குவளையை வாங்கினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு எதுவும் தெரியலம்மா. நீ மாசமா இருந்தப்ப எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிடுச்சு. எந்த வாசனையும் வரலை. நாக்குல இனிப்பு, கசப்பு, புளிப்பு மட்டும்தான். மத்ததெல்லாம் நானா நினைச்சுச் சொன்னது. வந்துடும், வந்துடும்னு காத்திருந்தேன். வரலை. நம்ம பிள்ளை பொறந்தப்ப எல்லாரும் தலையை மோந்து மோந்து பார்த்தீங்களே... நானும் மோந்தேன். காத்துதான் வந்துச்சு."

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். அந்தச் சொல்லை எந்தச் செவி தாங்கும்? நான் கோபத்தோடுதான் நின்றிருந்தேன். நல்ல பீரைக் கெடுத்தவன் என்ற கோபம். அந்த ஒரு சொல்லில் என் கையிலிருந்த குவளை கனத்துப்போயிற்று. வாசனையை விற்றுப் பிழைப்பவன் வாசனையை இழந்திருக்கிறான். கண் போன ஓவியன் நிறங்களை நினைவிலிருந்து சொல்வது போல, மாதக்கணக்கில் சாக்லேட்டையும் வெனிலாவையும் நினைவிலிருந்து ஒப்பித்திருக்கிறான். ஏன்? பிள்ளைத்தாய்ச்சி பயந்துவிடக் கூடாதே என்று! வீட்டின் கடைசிச் சோறும் அந்தப் பீப்பாய்க்குள் கிடக்கிறதே என்று!

மனைவி என்ன செய்தார்? அழுதாரா? அழவில்லை. ஆறுதல் சொன்னாரா? அதுவும் இல்லை. கணவரின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? மூக்கு உங்களோடது மட்டுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் குறடை எடுத்துக்கொண்டு இரண்டாவது பீப்பாயின் முன் போய் நின்றார்.

அதுவும் கெட்டிருந்தால் ஆலை மூட வேண்டியதுதான். எல்லாருக்கும் தெரியும். மாமியார் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டார். மனைவி ஆணியைப் பிடுங்கினார். கறுப்பு நூல் பாய்ந்தது. ஒரே ஒரு குவளை. முகர்ந்தார், ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். குவளையை என்னிடம் நீட்டினார்.

நான் முகர்ந்தேன். ஐயோ, அந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வேன்! முதலதைவிடப் பெரிய அதிர்ச்சி அது! சாக்லேட் வந்தது. வெனிலா வந்தது. கரடி சொன்ன அத்தி வந்தது, நனைந்த மரம் வந்தது, அவர் சொல்லாத ஏதேதோ வந்தது! ஒரு பீப்பாயின் பலகை இடுக்கில் காற்று புகுந்து எல்லாவற்றையும் கெடுத்திருக்க, ஓரடி தள்ளி நின்ற இன்னொன்று இத்தனையையும் பத்திரமாய்ப் பொத்தி வைத்திருந்தது!

"அக்கா, சொல்லுங்கக்கா. எப்படி இருக்கு?" என்றார் கரடி. தீர்ப்புக்கு நிற்பவர் போல் நின்றார்.

எனக்குத் தொழிலே சொல்வதுதான். ஆனால் நான் குவளையை மனைவியிடமே திருப்பிக் கொடுத்தேன். மனைவிதான் சொன்னார். சாக்லேட் என்று சொல்லவில்லை. வெனிலா என்று சொல்லவில்லை. "நாம முதல்முதல்ல சேர்ந்து காய்ச்சினோமே, மால்ட் பார்லி அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகையாச்சே, அந்த வாசனை. உங்க தோல் கோட்டை மழையில நனைச்சுட்டு வந்து அடுப்புக்கிட்ட காயப்போடுவீங்களே, அந்த வாசனை. எங்கம்மா பழ ஜாம் கிண்டும்போது கதவைத் திறந்ததும் வருமே, அது. எல்லாம் இருக்குங்க. நீங்க போட்டது எல்லாம் அப்படியே இருக்கு."

கரடி ஒரு வாய் குடித்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கி மறைந்தது. "தெரியுதும்மா" என்றார். மூக்கில் தெரியவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்றே, வந்தவர்கள் கண் முன்னாலேயே, முதல் பீப்பாயை அவர்கள் சாக்கடையில் கவிழ்த்தார்கள். அத்தி தெரிகிறது என்று சொன்ன மதுக்கூடக்காரரே வந்து ஒரு பக்கம் பிடித்தார். மற்றதைப் புட்டியில் அடைத்தார்கள். அதற்குத்தான் இன்றைக்குப் பரிசு.

கரடிக்கு மூக்கு திரும்பிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. மருத்துவர் வரலாம் என்கிறார், வராமலும் போகலாம் என்கிறார். அவர் காய்ச்சுகிறார், மனைவி முகர்கிறார், ஐயம் வந்தால் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆலை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: "காய்ச்சுபவருக்கு மணம் தெரியாது. உங்களுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்."

பெருமக்களே! இழந்தது அவமானமா? இல்லை! இழந்ததை மறைக்க வைக்கும் அச்சம்தான் அவமானம்! கெட்டதைக் கெட்டதென்று சொல்ல ஒரு கூடத்தில் ஒருவருக்கும் நாக்கு எழவில்லையே, அதுதான் அவமானம்! அன்று அவரைக் காப்பாற்றியது எங்கள் தலையாட்டலா? இல்லை! எங்கள் பாராட்டா? இல்லை! "இது கெட்டுப்போச்சு" என்ற ஒற்றைச் சொல்! அன்பில்லாதவர் வாயில் அது வசை. அன்புள்ளவர் வாயில் அது மருந்து!

தலைவர் மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். இன்னும் சற்று நேரத்தில் உங்கள் மேசைகளுக்கெல்லாம் புது ஸ்டவுட் வரும். இந்த ஆண்டுப் பீப்பாய். நான்கூட இன்னும் சுவைக்கவில்லை. ஊற்றியபின் கரடி ஒவ்வொரு மேசையாக வந்து, உங்கள் முகத்தைப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவர் மனம் நோகுமே என்று பார்க்காதீர்கள். பக்கத்து நாற்காலியைப் பார்க்காதீர்கள். முகருங்கள், குடியுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் இனி மூக்கு என்றிருப்பது நீங்கள்தான்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், முறைப்பதை நிறுத்திவிட்ட தாய்மார்களுக்கும், நின்றே கேட்ட தோழர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வாருங்கள், குவளையை எடுப்போம். வணக்கம்!