பனி கரைந்ததும் முளைக்கிற கீரை

மொன்றியலில் வீட்டுத்தோட்டம் தொடங்குகிற எல்லாரும் முதல் வருடம் ஒரே பிழையைத்தான் விடுவார்கள். ஏப்ரலில் நாலு நாள் வெயில் எறித்தால் போதும், பொறுமை போய்விடும். ஜன்னலோரம் யோகட் பேணியில் வளர்த்த கத்தரிக் கன்றுகளைக் கொண்டுபோய் நிலத்தில் நட்டுவிடுவார்கள். மே மாதக் குளிர் அவற்றைக் கருக்கியதும் என்னிடம் வந்து மூக்கைச் சிந்துவார்கள். செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் ஆட்களுக்குள் தோட்டம் என்றால் யோசெப்பின் அக்காவைக் கேள் என்பார்கள். அப்படிப் பெயரெடுத்தது எனக்குப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை.

என் தம்பி பேனாட்டின் மனைவி றோசலினுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்த 2003 தொடக்கத்தில், நடுக்குளிரில் ஊரிலிருந்து வந்து இறங்கினாள். ஜன்னலால் எட்டிப்பார்த்துவிட்டு, "இஞ்ச ஒண்டுமே முளைக்காதோ மச்சாள்?" என்று கேட்டாள். பாவமாக இருந்தது. மண் வாங்கிக் கொடுத்தேன். மிளகாய் விதையை ஈரத் துணியில் சுற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கப் பழக்கினேன். பேணியின் அடியில் ஓட்டை போட மறந்து, தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றி முதல் கன்றுகளை அழுகவிட்டாள். "மீன் வளர்க்கிறியோ?" என்று பகிடி பண்ணினேன். அவளும் சிரித்தாள். நல்ல பிள்ளை. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பேனாட்டை வளர்த்தது நான். அவனை இங்கே எடுப்பித்ததும் நான். கலியாணம் என்று வந்த பேச்சுகளையெல்லாம் அவனுக்காகத் தட்டிக்கழித்தேன். அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியபின் ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். டொக்டர் பிரெஞ்சில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். பேனாட்டுக்கு அந்த மொழி ஏறவில்லை. அக்கா இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டான். எங்கள் குடும்பங்களில் இது வழமைதான், ஒருவருக்கு மொழி தெரிந்தால் மற்றவர்கள் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டொக்டர் பேசி முடித்ததும் தம்பி திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். உலகத்தில் என்னை அப்படிப் பார்க்க வேறு ஒருவரும் இருக்கவில்லை.

இந்த முறை ஈஸ்டர் அன்று சாப்பிடும்போது அவன் சொன்னான். "கோடையோட ரொறன்ரோ போறம் அக்கா. றோசலின்ர தமக்கை அங்க இருக்கிறா. தமிழ் டொக்டர்மாரும் இருக்கினம். உங்களுக்கும் இனி அலைச்சல் இல்லை."

எனக்கு நல்லது செய்கிறதாகத்தான் நினைத்துச் சொன்னான். நல்லது என்றேன். அவன் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.

பின்வளவில் வேலியோரம் ஒரு ரூபார்ப் செடி நின்றது. முன்பு குடியிருந்த கிழவி விட்டுப்போனது. பனி கரைந்ததும் முதலில் தலைகாட்டுவது அதுதான். சிவந்த தண்டு, சேம்பிலை போல அகன்ற இலை. இந்த ஊர்க்காரர் தண்டைச் சீனி போட்டுக் காய்ச்சுவார்கள், இலையை எறிந்துவிடுவார்கள். இலை நஞ்சு. என்னுடன் வேலை செய்த வெள்ளைக்காரி அதை எனக்கு எப்போதோ சொல்லியிருந்தாள். எங்கள் ஆட்களோ எந்தக் கீரையிலும் இலையைச் சமைத்துவிட்டுத் தண்டை எறிகிறவர்கள். குளிர்காலம் முழுக்கப் பச்சையே காணாத றோசலின் ஒரு கட்டு பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மச்சாள், இது என்ன கீரை? சமைக்கலாமோ?"

நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. "ஓம், சமைக்கலாம். தண்டை எறிஞ்சுபோடு, ஒரே நார்" என்றேன். "அவனுக்குக் கீரை நல்லாக் குடுக்கச் சொல்லி டொக்டரும் சொன்னவர்." டொக்டர் சொன்னது, பேனாட்டின் சிறுநீரகத்துக்குச் சாதாரணக் கீரைகூட ஆகாது என்பது. அதை நான் தமிழில் சொல்லவேயில்லை.

கொஞ்சம் சுகமில்லாமல் போனால் பயணம் தள்ளிப்போகும் என்றுதான் நினைத்தேன். றோசலின் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்தாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. இறக்கி வைத்ததும் மணம் ஒத்துக்கொள்ளாமல் எட்டப் போய் இருந்தாள். அவன் மட்டும் சாப்பிட்டான். புளிப்பு நல்லாயிருக்கு என்று மறுநாளும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நான் எதிரில் இருந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று இரவே வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில், இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன, இனி இதயமும் தாங்காது என்றார் டொக்டர். தம்பி என் முகத்தைப் பார்த்தான். "டொக்டர் என்ன சொல்றார் அக்கா?"

"ஒண்டுமில்லையடா. நாளைக்கு வீட்டை போகலாமாம்."

நம்பினான். நம்பியபடியே கண்ணை மூடினான்.

அவன் என்ன சாப்பிட்டான் என்று தெரிந்ததும் ஒரு பொலிஸ்காரர் வந்தார். மரியாதையான மனிதர். யார் சொல்லிச் சமைத்தாய் என்று றோசலினைக் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். "மச்சாளைக் கேட்டுத்தான் சமைச்சனான்" என்று விம்மினாள். பிறகு நான் நோகக்கூடாதென்று என் கையைப் பிடித்து, "உங்களுக்கும் தெரியாதுதானே" என்றாள். நான் அவர் பக்கம் திரும்பி, "யாரையும் கேட்கவில்லையாம். கீரை என்று நினைத்துத் தானே பிடுங்கினாளாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, என் தம்பியைக் கொன்றது நான். தக்காளிக்குக் கம்பு ஊன்றக் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் அவன் நிற்கிறான். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்கிறான். கோபமாகக் கேட்டால் தாங்கிக்கொள்வேன். அதே நம்பிக்கையோடு கேட்கிறான். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், விளங்காதவன் போலத் திரும்பவும் கேட்கிறான். பயமாக இருக்கிறது.

றோசலின் பிள்ளைப்பேற்றுக்குத் தமக்கையிடம் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். போன கிழமை அவளை டொக்டரிடம் கூட்டிப்போனேன். தாயும் பிள்ளையும் நல்ல சுகம், ரொறன்ரோவுக்குத் தாராளமாகப் போகலாம் என்றார் டொக்டர். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு ஆபத்தாம். கட்டிலை விட்டு எழும்பக்கூடாதாம். பயணம் செய்யவே கூடாதாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் சொன்னபடி படுத்தே கிடக்கிறாள். இன்று தோட்டத்துக் கத்தரிக்காயில் பால்கறி வைத்து ஊட்டிவிட்டேன். நன்றாகச் சாப்பிட்டாள். புருஷனைப் பறிகொடுத்த பிள்ளை, அவளுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?