பதினான்காம் குழாய்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, என் சக ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அழகாகப் பேசக்கூடியவர்கள் இங்கே பலர். நான் எழுந்தது உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காக.

எங்கள் ஆய்வகத் தலைவர், மருத்துவர், எங்கள் உண்ணியக்கா! வெள்ளைத் துணியைப் புல்மேல் இழுத்தபடி அவர் நடந்தால், "துணி காயப்போட இடம் தேடுறீங்களா?" என்பார்கள். "இல்லைங்க, விருந்தாளி தேடுறேன்" என்று துணியில் ஒட்டிய உண்ணிகளைக் காட்டுவார். அவரா இல்லை? பன்னிரண்டு நாளுக்கு முன் எனக்கு முன்னால் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவரா?

உண்ணிக்கடியால் வரும் தொற்றை வழக்கமான பரிசோதனை காட்டச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் அது இதயத்தைத் தொட்டுவிடக்கூடும். ஆனால் வெள்ளையணுக்கள் முன்பே விழித்துக்கொள்கின்றன. அவற்றுக்குள் எந்தெந்த மரபணுக்கள் மும்முரமாகியிருக்கின்றன என்று பார்த்தால் நோயைப் பிடித்துவிடலாம் என்றார் அக்கா. பிடித்தும் காட்டினார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டுமே? நாங்களே கையை நீட்டினோம். குழாய்களில் எண் மட்டும்; பெயர்ப் பட்டியல் செவிலியரிடம், ஒட்டிய உறைக்குள்.

அக்கா அந்த மாடிப்படியில் விழுவதற்கு ஒன்பது நாள் முன்னால் அவரிடம் ஓடினேன்.

"அக்கா, நம்ம ஆளுங்க வரிசையில பதினாலு மட்டும் நோயாளி மாதிரியே காட்டுது."

"குழாய் மாறியிருக்கும்மா. ஒதுக்கி வை. நம்மள்ல யாரு படுத்துக் கிடக்கா?"

"நீங்கதான் மூணு நாளா தலைவலின்னு..."

"உன்னோட வேலை பாத்தா யாருக்கும் தலைவலி வரும்."

சிரித்தோம். நான் ஒதுக்கி வைத்தேன்.

அவர் போன மூன்றாம் நாள் மருத்துவமனை அறிக்கை வந்தது. உண்ணிக்கடித் தொற்று, இதயத்துடிப்பையே நிறுத்தியிருக்கிறது. செவிலியர் உறையைப் பிரித்தார். பதினான்கு, அக்கா.

நம்ப முடிகிறதா? என்னால் இன்னும் முடியவில்லை. உரிய நேரத்தில் மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் குணமாகியிருக்கும். தெரியாமலா போனது? தெரிந்தது! என் திரையிலேயே தெரிந்தது! ஆரோக்கியமானவர்கள் என்று நாங்கள் எழுதி ஒட்டிய வரிசையில் இருந்ததால், கருவியை நம்பாமல் ஒட்டிய காகிதத்தை நம்பினோம்.

நேற்று அக்காவின் வீட்டுக்குப் போய் இதை அவர் கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப அவ கண்டுபிடிச்சது சரியாத்தான் சொல்லிச்சாம்மா?"

"சரியாத்தான் சார் சொல்லிச்சு."

"அப்ப நிறுத்திடாதீங்க."

நிறுத்த மாட்டோம். இந்த அவையின் முன் சொல்கிறேன்: இனி எங்கள் ஆய்வகத்தில், உரியவரை அழைத்துச் சோதித்துப் பார்க்காமல் ஒரு குழாயும் ஒதுக்கப்படாது. இன்று காலை பதினான்கைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன், நோயாளிகளின் வரிசையில்.

அக்கா, குழாய் மாறவில்லை.