பேரு போடாத பேனர்

பேரே வேணாம்ணா. மேலயும் வேணாம், கீழயும் வேணாம், ஓரத்துல பொடி எழுத்துல கூட வேணாம். இன்னாண்ணா அப்டி பாக்குறீங்க, பேனர்னா பேரு இருந்தே ஆவணுமா? சாவு இல்லண்ணா. காதுகுத்தும் இல்ல, கட்சி மேட்டரும் இல்ல. போட்டோ ஸ்டுடியோவுக்கா? அப்டித்தான் வெச்சிக்கங்களேன். இந்த பென் டிரைவ்ல ஒரு படம் கீது. ஒரு ஜன்னலு, ஜன்னலுக்கு வெளிய தெரு, தெரு பூரா பனி. அத அப்டியே எட்டுக்கு ஆறு அடிச்சு குடுங்க, போதும். பளபளன்னு வேணாம், லைட்டு பட்டா மின்னக்கூடாது.

இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும்ணா. இல்ல, நாளைக்குன்னா எனக்கு ஆவாது. நாளைக்கு காலைல எங்கப்பாவுக்கு கண்ணு கட்டு பிரிக்கிறாங்க. புரை ஆபரேஷன். அதுக்கும் பேனருக்கும் இன்னா சம்பந்தமா? கீதுண்ணா. மிஷின்ல இப்ப இன்னா ஓடுது? மஞ்சள் நீராட்டு விழாவா, சரி, அது முடியட்டும். உக்கார்றேன்.

நானா, சாஃப்ட்வேர்ணா. அருள்னு பேரு. இங்க அம்பத்தூர் எஸ்டேட்ல தான் ஒரு கம்பெனில ஒம்பது வருஷம் குப்ப கொட்னேன். ஊடு ஆவடி பக்கம், கோவில்பதாகை. எங்கப்பா எத்திராஜு இதே எஸ்டேட்ல லோடு ஏத்தி எறக்குனவரு. அவரு வெளிய லாரி கிட்ட நின்ன கேட்டுக்குள்ள நான் கழுத்துல கார்டு மாட்டிகினு போனேன். மொத நாளு எதிர்ல நின்னு பாத்துகினே இருந்தாரு, கிட்ட வரல. அழுக்கு சட்டையோட வந்தா எனக்கு அசிங்கமா பூடும்னு நெனச்சாராம். எனக்கு அத இப்ப நெனச்சாலும் பேஜாரா கீது.

வேலயா? வேலைய பத்தி கேக்காதீங்க. நாலு பேரு ஒரு வாரம் உக்காந்து எழுதுற புரோகிராம, நம்ம கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அந்த ஏஐ எழுதி வெச்சிடுது. மொதல்ல ஜாலியா தான் இருந்துச்சு. மேனேஜர் சொன்னாருன்னு எங்க பழைய கோடு, நாங்க பண்ண தப்பு, அத எப்டி சரி பண்ணோம், எல்லாத்தையும் நாங்களே அதுக்கு ஊட்டி உட்டோம். அப்பறம் பாத்தா எங்க பக்கத்து சீட்டு காலி, எதிர் சீட்டு காலி. உங்க டிசைனரும் இப்ப அதுல தான் படம் பண்றாரா? பாத்தீங்களா.

அதனால தான் வெளிநாடு ட்ரை பண்ணேன். ஜெர்மனி. ஆமாண்ணா, கெடச்சுது. விசா வந்துச்சு, டிக்கெட் வந்துச்சு, இங்க வேலைய உட்டேன். எங்க தெருவுல பிளேன் ஏறுற மொத ஆளு நான் தான். என் ஃப்ரெண்டு பாண்டியன் சும்மா இருப்பானா? நான் போய் சேர்ற வரைக்கும் பேனர் வெக்காதடான்னு கெஞ்சினேன். கேக்கல. முனையில வெச்சிட்டான். வெளிநாடு செல்லும் அன்பு அண்ணன் அருள் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்னு, என் மூஞ்சிய உட பெருசா பிளேனு, கீழ தெரு பசங்க மொத்த பேரு தலையும். எங்கப்பா வெள்ள வேட்டி கட்டிகினு அதுக்கு கீழ நின்னு போட்டோ எடுத்துகினாரு.

ஜெர்மனி எப்டி கீதா? குளிருண்ணா. மைனஸ்ல போவும். ரொட்டிய கத்தி வெச்சு அறுக்கணும், அவ்ளோ கெட்டி. பஸ்ஸு போர்டுல இன்னா போட்டுக்கீதோ அந்த நிமிஷத்துக்கு வந்து நிக்கும். ஞாயித்துக்கெழம ஒரு கட தொறக்க மாட்டான். அன்னிக்கு சுவத்துல ஆணி அடிச்சா கூட பக்கத்து ஊட்டுக்காரன் சண்டைக்கு வந்துடுவான். எப்ப திரும்பி வந்தேனா? எங்கண்ணா திரும்பி வர்றது, போனா தான. எல்லாம் யூடியூப்ல பாத்தது.

போவலண்ணா. ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் புடிச்சு மொத்த தெருவும் ஏறிடுச்சு. அப்பா முன்னாடி சீட்டு, என் கழுத்துல மால. பூந்தமல்லி தாண்டசொல்ல போன்ல மெயிலு வருது. வருந்துகிறோம், நீங்க வர்றதா இருந்த அந்த வேலையே இப்ப கம்பெனில இல்லன்னு. நான் செய்ய வேண்டியத இனிமே எது செய்யப் போவுதுன்னு அவன் சொல்லல. எனக்கு தெரியாதா. பின்னாடி பசங்க பாட்டு பாடிகினு வரானுங்க. வேன நிறுத்துன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பா அந்நேரம் பாத்து திரும்பி, குளிருக்கு தலைல கட்டிக்க துண்டு எடுத்துகினியா நைனான்றாரு. முழுங்கிட்டேன். உள்ள போய் கண்ணாடிக்கு இந்தாண்ட இருந்து கைய ஆட்டிகினே நின்னேன். வேன் போனப்பறம், போவலன்னு எழுதிக் குடுத்துட்டு பொட்டிய இழுத்துகினு வெளிய வந்துட்டேன்.

இங்க தாண்ணா கீறேன், அம்பத்தூர்ல. ரயில்வே லைன் ஓரமா ஒரு ரூமு. கெடைக்கிற துண்டு வேலைய வாங்கி, ஏஐ எழுதுனதுல தப்பு கண்டுபுடிச்சுகினு கெடக்கேன். ஊட்டுக்கு போவணும்னா நடுவுல திருமுல்லைவாயல், அண்ணனூர்னு ரெண்டே ஸ்டேஷன், அவ்ளோதான். ரயிலு அந்தாண்ட போவசொல்ல எல்லாம் பாத்துகினே நிப்பேன். மாஸ்க்கு போடாம வெளிய வர்றதில்ல.

சொல்லிட வேண்டியது தானன்னு சுலுவா சொல்றீங்க. அந்த பேனர அவரு தூக்கிப் போட உடலண்ணா. ஊட்டு கூர ஷீட்டுக்கு கீழ சீலிங்கா இழுத்து கட்டிட்டாரு. படுத்தா நேரா மேல என் மூஞ்சி, பக்கத்துல பிளேனு. டீக்கடைல அவர ஜெர்மனிக்காரரே வாங்கன்னு தான் கூப்புடுறாங்களாம். அத எறக்குப்பான்னு எந்த வாயால சொல்லுவேன்? பயமா கீதுண்ணா. அவரு திட்டுவாருன்னு இல்ல. ஒண்ணுமே சொல்லாம சரி நைனான்னுடுவாரு, அதான் பயம்.

வீடியோ கால் பண்ணசொல்ல ஃபேன நிறுத்திட்டு ஸ்வெட்டர் போட்டுகினு உக்காருவேன், வேர்த்து ஊத்தும். பின்னாடி பனி தெரியற மாதிரி கம்ப்யூட்டர்லயே ஒண்ணு செட் பண்ணிக்கினேன். ஆனா அது சரியா நிக்காதுண்ணா. தலைய திருப்புனா காத தின்னுடும், கிளாஸ தூக்குனா கிளாஸு காணாம பூடும். புரை கண்ணுக்கு அதெல்லாம் தெரில. நாளைக்கு கட்டு பிரிச்சதும், அங்க விடியற நேரம் பாத்து மொத போனு எனக்குத்தானாம். புது கண்ணுல ஜெர்மனிய பாக்கணுமாம்.

போன வாரம் பேசிகினு இருக்கசொல்ல ஸ்டேஷன்ல மைக்குல சொல்றான், திருவள்ளூர் வரை செல்லும்னு. அப்பா சிரிச்சுகினே, அங்கயும் தமிழ்ல சொல்றானான்னாரு. பக்கத்து ரூம்ல டிவிப்பான்னேன், நம்பிட்டாரு. அம்மா பக்கத்துல தான் உக்காந்துகினு என் மூஞ்சியவே பாத்துகினு இருந்துச்சு.

இன்னாண்ணா, நம்மளுது ஏறிடுச்சா? ஆங், பனி நல்லா வருது. மேல மட்டும் ரெண்டு பக்கமும் ஓட்ட போட்டு வளையம் அடிச்சிடுங்க, ஆணில மாட்டணும். நல்ல ஐடியாவா? என்னுது இல்லண்ணா. சாஃப்ட்வேர்காரன் எனக்கு இது தோணவே இல்ல. அந்த மைக்கு சத்தம் கேட்ட மறுநாளு எங்கம்மா தனியா போன் பண்ணிச்சு. எங்கடா கீறன்னு கேக்கல, சாப்டியான்னு தான் கேட்டுச்சு. அப்பறமா, அந்த கம்ப்யூட்டர் படம் உன் காத தின்னுதுடா, அப்பாவுக்கு கண்ணு தெரியப் போவுது, ஒழுங்கா ஒரு பேனர் அடிச்சு பின்னாடி மாட்டிக்கன்னுச்சு. ரயிலு போனப்பறம் போன எடுன்னுட்டு வெச்சிடுச்சு.