பொலித்தீன் பைக்குள் ஒரு விசா

"நான் நேவி குடுக்கிற பாஸ் இல்லாமல் கடலுக்கு இறங்கினவன். என்ர மகள் பாஸ் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள்ள இறங்க மாட்டாளாம்."

முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு முன்னாலிருந்த மீனவர் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார். அவருக்கு முன்சீற்றில் அந்த மகள் இருந்தாள்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

"சீனாவில. இங்கிலிஸ் படிப்பிக்க. ஏஜென்சிக்காரன் டூரிஸ்ட் விசாவில போய்ப் பிறகு மாத்தலாம் எண்டவன். இவள் வேலை விசா வந்தால்தான் போவன் எண்டு ஏழு மாசம் வீட்டில இருந்தவள்."

"நீ ஏசேல்லையோ?"

"ஏசினனான். 'நீங்கள் பாஸ் இல்லாமல் போய்ப் பிடிபட்ட அண்டைக்கு அம்மாவோட கரையில நிண்டது நான்தான் அப்பா' எண்டாள்."

மகள் திரும்பினாள். "விசா நேற்று வந்திட்டுது மாமா. இவர்தான் பாஸ்போட்டை என்னட்டைத் தாறாரில்லை."

மீனவர் சேட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். கடலுக்குப் போகும்போது போனைக் கட்டுவதுபோல பாஸ்போட்டை அதற்குள் வைத்து மூன்று முடிச்சுப் போட்டிருந்தார்.

கூட்டாளி கையை நீட்டினார். "அவிட்டுத் தா, பாப்பம்."

"ஈரம் பட்டிடும்."

"கடல் இன்னும் பத்து மைல் கிடக்கு."

"உன்ர கை வேர்த்துக் கிடக்கு."