நொய்கோல்னில் பழகிய டொச்

“எங்கட குடும்பத்தில கம்பஸ் போன முதல் ஆள் நீதான். ஆனா ஜெர்மன்காரரின்ர டொச் மொழி உனக்கு ஏறாது,” என்றார் மாமா.

லண்டனில், வெம்பிளிக்குப் போகும் ரயிலில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அக்கா, பெர்லினில நொய்கோல்ன் பக்கம் இருக்கிற என்ர தங்கச்சி, மேல்வீட்டு மனிசியிட்ட டொச் பழகிப்போட்டு பேக்கரியில வேலை கேட்டுப் போனவள்.”

“கதைச்சவளோ?”

“விளாசினவள். ‘இவ்வளவு வடிவாத் துருக்கி எங்க படிச்சனீர்?’ எண்டு முதலாளி கேட்டாராம்.”

“ஐயோ, வேலை போச்சோ?”

“ஏன் போகுது? முதலாளியே துருக்கிக்காரர். கடைக்கு வாறது துருக்கி, அரபு, போலந்து ஆக்கள். டொச்சுக்காரர் வந்தால் விரும்பின பாணைக் கையால காட்டுவினமாம்.”

பெர்லினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் டொச் வகுப்பில் சேர்ந்திருந்தேன். ரயில் வெம்பிளிக்கு வருவதற்குள் துருக்கி வகுப்புக்கும் கைபேசியில் பெயர் பதிந்துவிட்டேன்.