ஒடியாத வத்தல்

உள்ள வாங்க ஜெயசிங் அண்ணாச்சி, வாசல்லயே நின்னா எப்படி. மிளகாய் வத்தல் நெடி மூக்குல ஏறத்தான் செய்யும், செத்த நேரத்துல பழகிரும். அந்தச் சாக்கு மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது. தூத்துக்குடியிலருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வந்திருக்கீங்க, அதுவும் ஒரு பழைய தோணிக்காக. பொண்ணு குடுக்கப் போறவன் மாப்பிள்ளை எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிப்பானே, அப்படில்லா வந்திருக்கீங்க.

உங்க தோணியைக் கேக்குற தங்கப்பழம் எனக்கு சகலை. என் கொழுந்தியா பிச்சம்மாளைக் கட்டினவன். அவனைப் பத்தி என்கிட்ட கேட்டா நான் நல்லதாத்தான சொல்லணும். சொல்லுதேன், சொல்லுதேன். ஏட்டி, அண்ணாச்சிக்கு ஒரு காபி போடு. கடைக்குப் பின்னாலதான் வீடு, அவ காதுல எல்லாம் விழும். கொஞ்சம் பையப் பேசுவோம்.

மொத விசயம், அவனுக்குக் கடல் தெரியாது. பனவடலிசத்திரத்துக்காரன். அவங்க ஊர்ல கண்மாய் நிறைஞ்சாலே ஊர் கூடி நின்னு வேடிக்கை பாக்கும். இவன் தோணி வாங்கி, வத்தலும் வெங்காயமும் ஏத்திக் கொழும்புக்கு அனுப்பப் போறானாம். தோணி ஓட்ட தண்டல் கிடைப்பான், அது யாருக்கும்தான் கிடைப்பான். அதுல என்ன பெருமை?

எத்தனை தோணி பாத்தான்னு உங்களுக்குத் தெரியுமா? எமர்ஜென்சி சமயத்துல ஆரம்பிச்சவன், பாத்துக்கிட்டே இருந்தான். இதுல பலகை மெல்லிசும்பான், அதுல பாய்மரம் வெடிப்பும்பான், இன்னொண்ணுல ஆணி துருவும்பான். எடுத்தா என் காலம் முழுக்க வச்சிருக்கணும் அத்தான்னான். தோணி வாங்கப் போறியா, கோயில் கட்டப் போறியாலேன்னு கேட்டேன். சிரிச்சான். அவன் சிரிச்சா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆமா, நானும் ஒண்ணு பாத்தேன். மறைக்க என்ன இருக்கு? அவன் வாங்குறதுக்கு முந்தி நான் வாங்கிப் போட்டிரணும்னு ஒரு வெறி. உங்க துறைமுகத்துலதான். பச்சைப் பெயிண்ட், புதுப் பாய், ராசா மாதிரி நின்னுச்சு. விலை முடிக்கிறதுக்கு முந்தி எல்லாரும் ஒரு தடவை பாக்கட்டும்னு குடும்பத்தோட கூட்டிட்டுப் போனேன். அவனும் வந்தான். குருவிகுளத்து வத்தல், வெயில்ல கலகலன்னு காஞ்சது, ஒரு சின்ன மூட்டை கையில வச்சிருந்தான். அதைத் தோணிக்குள்ள அடித்தட்டுல, பலகையை ஒட்டி வச்சிட்டு மேல ஏறி வந்துட்டான். மறுநாள் காலையில போயி, ஒரு வத்தலை எடுத்து எல்லார் முன்னாலயும் வளைச்சான். ஒடியல அண்ணாச்சி. துணி மாதிரி வளைஞ்சுது. ஈரம் குடிச்சிருக்கு அத்தான், அடியில கசியுதுன்னான். என் வீட்டுக்காரி அந்த வத்தலை அவன் கையிலருந்து வாங்கி, அவளும் ஒரு தடவை வளைச்சுப் பாத்தா.

வத்தல்லயே பொறந்து வளர்ந்தவன் நான். எனக்கு ஏன் அது மண்டையில உதிக்கல? இன்னிக்கு நினைச்சாலும் சோறு இறங்க மாட்டேங்குது.

வை, அங்கன வை. நீ உள்ள போ. குடிங்க அண்ணாச்சி.

உங்க தோணியிலயும் மூட்டை வச்சானா? ஐப்பசி அடைமழையிலயா? டப்புன்னு ஒடிஞ்சிருக்குமே. ஒடிஞ்சுதுல்லா? சரி. ஒடியட்டும்.

குறை கேக்கீங்க. இருக்கு. கஞ்சப்பய. யாரோ ஓட்டிக் கழிச்ச சைக்கிளை ஆறு மாசம் பாத்து வாங்கினான், இன்னும் அதைத்தான் மிதிக்கான். குடைக்குக் கம்பி மாத்துவான், துணி மாத்துவான், குடையை மாத்த மாட்டான். நான் அப்படியா? லாம்பரட்டா ஸ்கூட்டர் வாங்கினேன், சலிச்சுது, வித்தேன். ரேடியோ மூணு மாத்தியாச்சு. ஒரு நாள் இவ எனக்குச் சோறு போட்டுக்கிட்டே சொல்லுதா, அவரு ஒண்ணை எடுத்தா விடமாட்டாருன்னு. அவராம், அவரு! நான் பாதியில கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டேன்.

என்னது? உடைச்சு விறகுக்கு வித்துருவானான்னா? இதைக் கேக்கத்தானா இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்க அப்பா வச்சிருந்த தோணின்னா மனசு கேக்காதுதான். நான் ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நீங்க அடுத்த பஸ்ல போயிருவீங்க. நீங்க உள்ள வந்ததுலருந்து அந்த வார்த்தை நாக்கு நுனியிலதான் நிக்குது. வரமாட்டேங்குது சவம்.

உடைக்க மாட்டான் அண்ணாச்சி. விக்கவும் மாட்டான். ஒரு ஆணி துருப்பிடிக்க விடமாட்டான். அதான எனக்கு வயித்தெரிச்சல்.

எங்க கல்யாணத்துக்கு முந்தின வருசம், ஆடித்தபசுக் கூட்டத்துல, கோயில்ல வச்சு அவன் ஒரு பொண்ணைப் பாத்தான். பிச்சம்மாளை இல்ல. மூத்தவளை. இப்ப காபி கொண்டாந்து வச்சாளே, அவளை. சைக்கிளையே ஆறு மாசம் பாத்தவன், அவளை ஒரே ஒரு தடவைதான் பாத்தான், சரின்னுட்டான். சொந்தக் கடை இல்லன்னு மாமனார்தான் மாட்டேன்னாரு. எனக்குக் கடை இருந்துச்சு, குடுத்தாரு. அப்புறம் அவன் வத்தல்ல நாலு காசு பாத்து, தங்கச்சியைக் கட்டினான். நல்லாத்தான் இருக்காங்க. இவளும் என்கிட்ட ஒரு குறை வைக்கல. தப்பா ஒரு வார்த்தை சொன்னா என் வாய் அழுகிப்போகும்.

போன வாரம் அவனுக்குத் தெரியாம வந்து உங்க தோணியைப் பாத்தேன். கோவிச்சுக்கிடாதீங்க, அதைவிட நல்ல தோணி அங்கன ரெண்டு நின்னுச்சு. அந்த ரெண்டுலயும் அவன் வத்தல் வச்சுப் பாத்திருக்கான், டப்புன்னு ஒடிஞ்சிருக்கு. பெறகு ஏன் இதையே பிடிச்சுக்கிட்டு நிக்கான்னு சுத்திச் சுத்தி வந்தேன். பின்பக்கம் வெள்ளையில பேரு எழுதியிருக்கு. முப்பிடாதி. நீங்க வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, இருந்தும் பழைய பேரை அழிக்காம வச்சிருக்கீங்க. எங்க அம்மன் பேரு அது. சாமி பேருன்னுதான் அவனும் சொல்லுவான், கேக்கறவங்களும் நம்புவாங்க.

குடுங்க, அவனுக்கே குடுங்க. அவன்கிட்ட இருந்தாத்தான் அது இருக்கும். அந்த எழுத்தை மட்டும் சுரண்டிட்டுக் குடுத்திருங்க அண்ணாச்சி. வேற எந்தச் சாமி பேரு வேணும்னாலும் எழுதட்டும், பெயிண்ட் நான் வாங்கித் தாரேன்.

அட, பேச்சுல காபி ஆறிப்போச்சே. ஏட்டி முப்பிடாதி, அண்ணாச்சிக்குச் சூடா வேற காபி கொண்டா.