கோட்டுக்கு அடங்காத புள்ளி

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. சின்ன விஷயம்தான், ஆனால் சின்ன அளவுகளைக் கவனிப்பதுதான் என் பிழைப்பு.

அந்தப் பெண்கள் வாலிபால் அணிக்கு ஆறு வருடம் உடல் அளவு எடுத்தேன். எடை பார்க்க யாராலும் முடியும். அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. தோலைக் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்பைக் கருவியின் வாயில் கொடுத்தால் அதன் கனத்தை முள் மில்லிமீட்டரில் காட்டும். கையின் பின்புறம், முதுகு, வயிறு, தொடை என்று ஏழு இடங்களில் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டித்தான் கொழுப்புச் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். பெண்கள் எனக்கு 'இடுக்கி அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். கருவி பார்க்க அப்படித்தான் இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. அளப்பவர் எண்ணைச் சொல்வார். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாத எண் எண்ணே அல்ல. எழுத ஓர் ஆள் கேட்டு நான்கு முறை கடிதம் கொடுத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில், ஒருத்திக்கு அளக்கும்போது அடுத்தவள் எழுதுவாள் என்று நானே ஏற்பாடு செய்துகொண்டேன். இடதுகைக்காரிக்கு மட்டும் அது தேவைப்படவில்லை. அளப்பது எப்போதும் வலப்பக்கம் என்பதால், இடது கையில் பேனாவைப் பிடித்துத் தன் எண்களைத் தானே எழுதிக்கொள்வாள். வலைக்கு மேல் எம்பிப் பந்தை அடித்து இறக்கும், அணியின் முதல் ஸ்பைக்கர் அவள். நீங்கள் கேட்பது அவளைப் பற்றித்தான் என்று தெரியும். வருகிறேன்.

ஆறு வருட உழைப்பில் ஒரு வரைபடம் தயாரித்தேன். கீழே கொழுப்புச் சதவீதம், பக்கவாட்டில் எம்பிக் குதிக்கும் உயரம். நாற்பத்தொரு வீராங்கனைகள், நாற்பத்தொரு புள்ளிகள். கொழுப்பு ஏற ஏற உயரம் இறங்கும் என்று பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு பயிற்சியாளர் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே விளக்கினேன். அவர் அந்தத் தாளால் விசிறிக்கொண்டே கேட்டார். பிறகு பெண்கள் நிறைந்திருந்த மைதானத்துக்கு அதை எடுத்துப் போய் உயர்த்திக் காட்டினார்.

"மேடம், உங்க கோட்டுக்கு மேல ஒத்தையா ஒரு புள்ளி பறக்குதே, அது யாரு? நம்ம இடதுகைக்காரியா? அவ உங்க கோட்டுக்கெல்லாம் அடங்க மாட்டா போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருபத்துநாலு சதவீதம் கொழுப்பை வைத்துக்கொண்டு அணியிலேயே அதிக உயரம் குதிக்கிறவள். மூன்று ரொட்டிக்கு மேல் நாலாவது கேட்டு வாங்கித் தின்கிறவள். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். அலுப்பு என்று எழுதுங்கள். ஒருத்தியின் உடம்பு ஆறு வருட உழைப்பைப் பொய்யாக்கினால் யாருக்குத்தான் அலுக்காது?

அடுத்த திங்கட்கிழமை அவள் கையின் பின்புறம் முள் பதினெட்டைக் காட்டியது. இருபத்தொன்று என்று சொன்னேன்.

"இருபத்தொண்ணாக்கா?"

"இருபத்தொண்ணு."

எழுதிக்கொண்டாள். ஏழு இடங்களிலும் அப்படியே நடந்தது. அந்த வாரமே நாலாவது ரொட்டியை விட்டாள். பிறகு மூன்றாவதை விட்டாள். முள் இறங்கியது. இறங்கிய அளவைக் கூட்டி, பழைய எண்ணையே சொல்லி வந்தேன். சில வாரங்களில் ஒன்றிரண்டு மேலேயும் சொன்னேன். கண்மூடித்தனமாகச் சொல்லவில்லை. முந்தைய நாள் உட்கார்ந்து ஏழு எண்களையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி போட்டு வைத்துக்கொள்வேன். ஏனோதானோ என்று வேலை செய்து எனக்குப் பழக்கமில்லை.

அவள் முட்டாள் இல்லை. ஒரு நாள் கேட்டாள்.

"அக்கா, தராசுல ஒம்பது கிலோ குறைஞ்சிருக்கு. இடுக்கில மட்டும் ஏன்க்கா குறையவே மாட்டேங்குது?"

"போறதெல்லாம் தசைம்மா. கொழுப்பு பிடிவாதமா நிக்குது. கொஞ்சம் பொறுமையா இரு."

"தண்ணி குடிச்சாக்கூட ஒட்டிக்குமாக்கா?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. விரல்கள் சில்லென்று இருந்தன. மாதவிடாய் நின்று நான்கு மாதம் ஆகிவிட்டது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அது சகஜம் என்றேன். தோலைக் கிள்ளினால் மடிப்பு விரலில் நிற்காமல் நழுவியது. "இருபத்திரண்டு" என்றேன். "இருபத்திரண்டு" என்றாள். அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

அவள் குதிக்கும் உயரமும் மாதாமாதம் குறைந்தது. அணி இரண்டு போட்டிகளில் தோற்றது. பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்க மேடம்" என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இருபத்தொன்பது சதவீதத்துக்கு நேராக, சரியாக என் கோட்டிலேயே அவள் புள்ளி வந்து நின்றதைக் காட்டினேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்றார். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டை மேலும் பாதியாக்கச் சொல்லிவிட்டார். அது அவருடைய உத்தரவு, என்னுடையதல்ல. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரையிறுதியின் மூன்றாவது செட்டில் எம்பினாள். பந்தைத் தொடவில்லை. கீழே வந்தவள் எழுந்திருக்கவில்லை. பட்டினியில் இதயம் தாளம் தப்பிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இந்தப் பெண்ணுக்கு யார் உணவுத் திட்டம் போட்டது என்று எங்களைக் கேட்டார். அவளுடைய தாள்கள் அத்தனையையும் அவரிடம் கொடுத்தேன். எல்லா எண்ணும் அவளுடைய கையெழுத்தில் இருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்க அனுமதித்தார்கள். கருவி கைப்பையில் இருந்தது, எப்போதும் இருக்கும். படுக்கையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவளுடைய அம்மா. அவள் வலது கையை மெதுவாகத் தூக்கினேன். நான் அவளைத் தடவிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்த அம்மா அழுதார்.

"உங்களைப் பத்தி வாய் ஓயாம சொல்லுவாம்மா. அக்கா சொன்னா சரியா இருக்கும்னு சொல்லுவா."

நான் குனிந்து, "நாலு" என்றேன்.

"நாலா?" என்று கேட்டார் அவர். நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் திருப்பிச் சொன்னார். விதிக்கு அது போதும், என் நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் விடிவதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

எண்களைக் கூட்டிச் சொன்னது நான்தான். ஒவ்வொரு வாரமும், தெரிந்தேதான் சொன்னேன். அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. அந்த நாலு மட்டும் ஒன்றுமே கூட்டாமல் சொன்ன உண்மையான எண். நீங்கள் கைப்பற்றிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள். வரைபடத்தில் மட்டும் அதை ஏற்றவில்லை. நின்ற நிலையில் எடுத்த அளவைத்தான் ஏற்ற வேண்டும், படுத்த நிலையில் எடுத்தது சேராது. அதனால் கோடு அப்படியேதான் இருக்கிறது, ஐயா. அதற்கு வெளியே இப்போது ஒரு புள்ளிகூட இல்லை.